அகற்றும் அறிவித்தலுக்கு நம் பதில்



பேராசிரியர்களே, மென்பொருள் எழுதும் நண்பர்களே, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இரவுப் பயணம் செய்து வந்திருக்கும் மாணவ மாணவியரே, இரண்டு நாள் நடக்கவிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்குமாறு என்னைப் பணித்த அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன்.

இக்கருத்தரங்கைக் கொழும்பு மருதானையில் வைத்தது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. 1892இல் தொடங்கிய சாகிராக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அறிஞர் அ. மு. அ. அஸீஸ் அதிபராக இருந்த கல்லூரி, பேராசிரியர் கா. சிவத்தம்பி மாணவராகப் படித்து, பின்னர் ஆசிரியராகவும் கற்பித்த கல்லூரி. அடுத்த ஆண்டு, 1893இல், தொழில்நுட்பக் கல்லூரி இதே மருதானையில் தோன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தன் வேரை அங்கேதான் காண்கிறது. தமிழும் தொழில்நுட்பமும் ஒரே தெருவில் பாடம் நடத்திய இடம் இது. நம்முடைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் இல்லை.

இன்று காலை வெள்ளவத்தையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் வந்து மருதானை நிலையத்தில் இறங்கினேன். மேடையில் அவிசாவளைக்குப் போகும் களனிவெளி வண்டி நின்றது. என் இளமைக்காலத்தில் அந்தப் பாதை இரண்டடி ஆறங்குல அகலம். சின்ன எஞ்சின், சின்னப் பெட்டிகள். 1990களில் அதை ஐந்தடி ஆறங்குல அகலப்பாதையாக மாற்றினார்கள். பழைய தண்டவாளத்தைக் கழற்றுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. பாலங்கள், மேடைகள், வளைவுகள், பெட்டிகள் என்று அதோடு சேர்ந்த அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு அகலத்தையும் காலமெல்லாம் சேர்த்து நடத்துவது எந்தத் திணைக்களத்துக்கும் பெருஞ்சுமை. எந்தத் தண்டவாளத்தைக் கழற்றினாலும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த வண்டி என்ன ஆகும் என்பதை முன்பே கேட்க வேண்டும். நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

அழைப்பிதழ் அச்சிடும்போது அமைப்பாளர்கள் என்னிடம் ஒரு சொல் கேட்டார்கள். ஆங்கிலத்தில் லைப்ரரி என்று வழங்கும் மென்பொருள் தொகுதியைத் தமிழில் பலர் நூலகம் என்றே எழுதுகிறார்கள். அப்படியானால் நம் கருத்தரங்கின் தலைப்பு ‘பழைய நூலகங்களை அகற்றுதல்’ என்று வரும். 1981ஆம் ஆண்டில் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு திரும்பக் கிடைக்காத ஏட்டுச் சுவடிகளும் போயின. அந்த இரவுக்கு வெகுகாலம் பின்னர் பிறந்த பிள்ளைக்குக்கூட ‘நூலகத்தை அகற்றுதல்’ என்ற தொடர் சாதாரணமாகக் காதில் விழாது. ஆகவே நிரலகம் என்று போடச் சொன்னேன். சொல்லை மாற்றிய பிறகும் அந்த நினைவு எழுப்பிய கேள்வி என்னை விடவில்லை. ஒன்றை அகற்றுவது எப்போது பராமரிப்பாகிறது, எப்போது அழிப்பாகிறது?

மொழித்துறையிலிருந்து வந்திருப்பவர்களுக்காக நிரலகம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கலியாண அழைப்பிதழானாலும் கோயில் மலரானாலும் அச்சுக்கோப்பவர் ஒரே எழுத்துப் பெட்டியிலிருந்துதான் எழுத்தை எடுப்பார். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எழுத்து வார்க்க மாட்டார். கணினியிலும் அப்படித்தான். திரையில் பொத்தான் வரைவது, எழுத்தைக் கோப்பது, கடவுச்சொல்லை மறைகுறியாக்குவது ஆகிய வேலைகளை ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்வதில்லை. பொதுவான ஒரு தொகுதியிடம் கேட்டு வாங்குகிறது. அந்தத் தொகுதியே நிரலகம். பெட்டியில் ‘ழ’ தேய்ந்தால் அச்சகத்திலிருந்து வெளிவரும் எல்லாத் தாளிலும் ‘ழ’ தேய்ந்தே இருக்கும். நிரலகத்தில் ஓட்டை விழுந்தால் அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருளிலும் ஓட்டை. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்ற வழு உலகெங்கும் இணையச் சேவையகங்களைத் திறந்துபோட்டதை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பழைய நிரலகத்தை எழுதியவர்கள் அடுத்த பதிப்புக்குப் போய்விடுகிறார்கள். அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பதற்கு ஆளில்லை. கட்டற்ற பணிசெயல் முறைமை ஒன்றை நடத்துகிறவர்கள் அப்போது இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்: தாங்களே அந்தச் சுமையைத் தூக்குவது, அல்லது அகற்றுவது. தூக்குகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலகத்தில் ஒருவர் பின்கதவு வைத்தது வெளிவந்தபோது, அந்த நிரலகத்தை ஆண்டுக்கணக்காகக் களைத்துப்போன ஒரே ஒருவர்தான் பராமரித்துவந்தார் என்பதும் சேர்ந்து தெரியவந்தது. உதவுவதாகச் சொல்லி வந்தவர்தான் கதவைத் திறந்தவர். பராமரிப்பாளர் களைப்படைவது அவர் வீட்டோடு முடிகிற விடயமல்ல. அவரை நம்பியிருக்கும் நாம் எல்லோரும் அந்தக் களைப்புக்கு விலை கொடுக்கிறோம். ஆகவே அகற்றுதல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி, தமிழுக்கு நேரே வரும் வழக்கொன்றை எடுக்கிறேன். பைத்தன் 2.

பைத்தன் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு வந்தது. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில். பழையதை 2015இல் நிறுத்துவதாக இருந்தார்கள். உலகம் தயாராகவில்லை என்று 2020வரை தள்ளிவைத்தார்கள். 2020 ஜனவரி 1உடன் ஆதரவு முடிந்தது, ஏப்ரலில் 2.7.18 என்ற கடைசிப் பதிப்பு வந்தது. டெபியன் என்ற கட்டற்ற பணிசெயல் முறைமை, தான் வழங்கும் மென்பொருள் பொதிகளில் பைத்தன் 2ஐச் சார்ந்திருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வழு அறிக்கை திறந்தது. ஆயிரக்கணக்கான அறிக்கைகள். 2021 ஓகஸ்டில் வந்த டெபியனின் 11ஆம் பதிப்பில் மொழிபெயர்ப்பி மட்டும், வேறு சில பொதிகளைக் கட்டுவதற்காக ஒட்டிக்கொண்டிருந்தது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் அதுவும் இல்லை.

இதில் தமிழுக்கு என்ன? ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள். பைத்தன் 2இல் முன்னடையாளம் எதுவும் போடாமல் அந்தச் சொல்லை எழுதி, நீளம் எத்தனை என்று கேட்டால் 15 என்று வரும். அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தன் 3 அதே கேள்விக்கு 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரலை மடக்கி 3 என்று சொல்லும். 15 என்று எண்ணுகிற கருவியிடம் இதே சொல்லின் முதல் பத்து இடத்தை வெட்டித் தா என்று கேட்டால் ழகரத்தின் நடுவே வெட்டித் தரும். திரையில் கேள்விக்குறி விழும். நம் பிள்ளைகளின் பெயர்கள் எத்தனை படிவங்களில் அப்படி அரைகுறையாகப் பதிந்திருக்கின்றன!

ஆகவே பைத்தன் 2 போனது தமிழுக்கு நல்லது. இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் 5ஐ 3 ஆக்கியது பைத்தன் 3 அல்ல. அதற்கான நிரலை எழுதியவர்கள் தமிழர்கள். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் கட்டிய ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம்தான் எழுத்தை எழுத்தாக எண்ணுகிறது. உலகப் பொதுக் கருவி நம்மைப் பாதி வழிதான் கொண்டுவந்து விடும். மீதி வழியை நடக்க நம்மில் ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டளவில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு அச்சகத்துக்காகப் பாமினி எழுத்துருவில் இருந்ததை யூனிக்கோடாக மாற்றும் சிறு செய்நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பைத்தன் 2இல் எழுதியது. அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டுகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு விழா மலர்கள் எல்லாம் அங்கே பாமினியில் குவிந்திருந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். அதனால்தான் மாற்றி தேவைப்பட்டது. பதினைந்து ஆண்டளவு அது ஓடியது. ஒருநாள் அச்சகத்தில் புதிய கணினி வாங்கி, புதிய லினக்ஸ் போட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு அச்சக முதலாளி தொலைபேசி எடுத்தார். “ஐயா, உங்கட மாற்றி திறக்குதில்லை. நாளையிண்டைக்கு முப்பத்தோராம் நாள். கல்வெட்டு குடுக்கோணும்.”

அன்றிரவே மூன்றாம் பதிப்புக்கு மாற்ற உட்கார்ந்தேன். அச்சிடும் கட்டளைகளுக்கு அடைப்புக்குறி போடுவது போன்ற மேலோட்டமான வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. பிறகுதான் உள்ளே பார்த்தேன். பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி வடிவம் கிடையாது. எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்தே அதை எழுதுவார்கள். என் செய்நிரல் அதைப் பிரித்தறியவில்லை. கௌரி என்ற பெயரை அது ககர எகரமும் ளகரமும் ரிகரமுமாக, மூன்றெழுத்தில் எழுதுவதுபோல, ‘கெளரி’ என்று மாற்றியிருந்தது. தாளில் அச்சிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடினால் கிடைக்காது. பதினைந்து ஆண்டுகளாக எத்தனை கௌரிகள், எத்தனை மௌனகுருக்கள், எத்தனை சௌந்தரராஜன்கள் தங்கள் குடும்பத்தின் நினைவு மலரிலேயே தேடிக் கிடைக்காதவர்களாகப் போனார்கள்! பைத்தன் 2ஐ அகற்றியிராவிட்டால் நான் அந்தச் செய்நிரலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். அது ஓடுகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இந்தத் தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்று முதல் அகற்றும் அறிவித்தல்களை நான் வேறு கண்ணால் வாசிக்கிறேன். அது ஒரு பரிசோதனை நாள். நம் பொருள் எங்கே இருக்கிறது, யாருடைய கையில் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வைக்கிற நாள்.

டெபியன் எப்படி அகற்றுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யாரும் இரவோடு இரவாக எதையும் தூக்கி எறிவதில்லை. க்யூடி 4 என்ற வரைகலை நிரலகத்தைப் பாருங்கள். அதன் மூல ஆதரவு 2015 டிசம்பரில் முடிந்தது. 2017இல் டெபியன் குழு அறிவித்தது: அடுத்த பதிப்புக்கு முன் இதை எடுக்கப்போகிறோம், உங்கள் மென்பொருளை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றுங்கள். பலர் மாற்றவில்லை. 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலும் க்யூடி 4 இருந்தது. 2021இல்தான் இல்லாமற்போனது. ஜிடிகே 2 இன்னும் நீண்ட கதை. ஜிம்ப் என்ற பட மென்பொருளுக்காகவே பிறந்த நிரலகம் ஜிடிகே. அதன் இரண்டாம் பதிப்பு 2002இல் வந்தது; நான்காம் பதிப்பு 2020இல் வந்துவிட்டது; ஆனால் ஜிம்ப் தானே ஜிடிகே 2ஐ விட்டு மூன்றுக்கு வர 2025 மார்ச் ஆயிற்று. மின்னூல் மென்பொருளான கலிபரை எழுதிய கோவித் கோயல் பைத்தன் 3க்கு மாறுவதை முதலில் ஏற்கவில்லை. தொண்டர்கள் கைகொடுத்த பின் 2020 செப்டெம்பரில் ஐந்தாம் பதிப்பு மாறி வந்தது. பெரியவர்களுக்கும் காலம் எடுக்கிறது. அந்தக் காலத்தை அவர்கள் எப்படிப் பெற்றார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

பெற்றது இப்படித்தான். டெபியனில் ஒரு பொதிமேல் கடுமையான வழு அறிக்கை இருந்தால், குறித்த காலத்துக்குப் பின் அது சோதனைப் பதிப்பிலிருந்து தானாகவே நீங்கும். அந்த அறிக்கைக்கு யாராவது ஒரு மடல் எழுதினால், ‘நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு மாற்றியிருக்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதினால், நீங்கும் நாள் தள்ளிப்போகும். இரண்டே வரி. ஒரு பொதி வாழ்வதற்கும் மறைவதற்கும் நடுவே சில நேரங்களில் இருப்பது அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை எழுத நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

இன்னொன்று. எந்தப் பொதியை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று டெபியன் எண்ணுகிறது. நிறுவும்போது ‘உங்கள் கணினியையும் எண்ணலாமா’ என்று கேட்கும். முன்னிருப்பு விடை ‘வேண்டாம்’. நம்மவர்கள் அப்படியே தாண்டிப் போகிறோம். பின்னர் ஒரு தமிழ்ப் பொதியை அகற்றக் கோருகிறவர், பயனர் எண்ணிக்கை மிகக் குறைவு என்று எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கெடுப்புக்கு வந்தபோது வீட்டில் ஆளில்லை என்று நாமே எழுதிக்கொடுத்திருக்கிறோம். குடிசன மதிப்பீட்டில் விடுபட்டால் என்ன நடக்கும் என்று மலையகத்திலிருந்து வந்திருக்கும் உறவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புகிறேன். டெபியன் அகற்றியது எதுவும் அழிவதில்லை. பழைய பதிப்புகள் தனி ஆவணக் களஞ்சியத்தில் இருக்கின்றன. 2005 முதல் டெபியனில் வெளியான பொதிகளின் நாளாந்த நிலைகளை இன்னொரு களஞ்சியம் காக்கிறது. 2016இல் பிரான்சில் தொடங்கிய சொஃப்ட்வெயார் ஹெரிடேஜ் என்ற முயற்சி உலகின் மூலநிரல்களைத் திரட்டி வைக்கிறது. அகற்றுதலும் எரித்தலும் வேறு வேறு என்று நான் சொல்லக் காரணம் இதுவே. யாழ்ப்பாணத்தில் எரிந்த ஏட்டை எந்தக் களஞ்சியத்திலும் போய்க் கேட்க முடியாது. க்யூடி 4ஐக் கேட்கலாம்.

ஆனால் களஞ்சியத்தில் இருப்பது பழைய நிரலகந்தான். அதன்மேல் நாம் கட்டிய தமிழ்ச் செய்நிரல் யாருடைய வீட்டு வன்தட்டில் இருக்கிறது? களஞ்சியத்துக்கு அனுப்பாத பொருளைக் களஞ்சியம் காக்காது. இங்கே பொறுப்பு நம்முடையது.

எழுத்துக் கோக்கும் நிரலகங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழ் திரையில் தெரிவதே அவற்றால்தான். ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் இரு பக்கமும் குறி வர வேண்டும். கணினிக்குள் குறி ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னே எடுத்து வைப்பது நிரலகத்தின் வேலை. முன்பு இதைப் பாங்கோ என்ற நிரலகம் ஒரு விதமாகச் செய்தது, க்யூடி இன்னொரு விதமாக, ஐசியு என்ற நிரலகம் மூன்றாவது விதமாக. ஒரே கணினியில் உலாவியில் சரியாகத் தெரியும் சொல் அலுவலக மென்பொருளில் புள்ளி வட்டத்தோடு உடைந்து நிற்கும். அந்த நாட்களை நாம் கடந்து வந்திருக்கிறோம். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ஹார்ஃபஸ் என்ற ஒரே நிரலகத்தைப் புதிதாக எழுதினார். 2012இல் பாங்கோ தன் பழைய இந்திய மொழிப் பகுதிகளை விட்டு அதற்கு மாறியது. ஐசியு தன்னுடைய எழுத்துக் கோக்கும் பகுதியை 2016இல் முற்றாக நீக்கியது. எகிப்தியரான காலித் ஹொஸ்னியின் உழைப்பால் 2017இல் லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருள் எல்லாத் தளங்களிலும் ஹார்ஃபஸுக்கு வந்தது. இன்று இந்த மண்டபத்தில் பலரது கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அந்தப் பழைய தொகுதிகள் போனதும் ஒரு காரணம்.

அந்த மாற்றத்தைச் செய்தவர்களின் பெயர்களைக் கவனியுங்கள். பாரசீகம் பேசுகிறவர், அரபு பேசுகிறவர். தங்கள் எழுத்து உடைந்ததைப் பொறுக்க முடியாமல் வந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் வண்டியில் நாமும் ஏறிக்கொண்டோம். அவர்களுக்கு இந்த அவையின் சார்பில் நன்றி சொல்வது என் கடமை. ஆனால் எல்லா வண்டியும் நம் ஊருக்கு வராது.

அப்படி நம் ஊருக்கே உரிய ஒன்று, டிஎஸ்சிஐஐ குறிமுறை. 1990களின் பிற்பகுதியில், சுவிற்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் உள்ளிட்ட பலர் நாடு நாடாக மடல் எழுதி விவாதித்து உருவாக்கியது. ஒரு அரசின் உத்தரவும் இல்லாமல் உலகத் தமிழர்கள் கூடிச் செய்த தரம் அது. 2002இல் புரூனோ ஹைபிள் என்ற வல்லுநர் அதற்கான மாற்றியை எழுதி, லினக்ஸின் அடித்தள நிரலகமான கிலிப்சியில் சேர்த்தார். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகள் தமிழின் ஒரு பழைய குறிமுறையைப் புரிந்துகொள்ளும் ஆற்றலைத் தம் அடிவயிற்றில் சுமந்துகொண்டு ஓடின என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2024 ஏப்ரலில் அதே கிலிப்சியில், சீனத்துக்கான ஒரு பழைய குறிமுறை மாற்றியில், இருபது ஆண்டுக்கு மேல் கிடந்த கடுமையான பாதுகாப்பு வழு வெளிவந்தது. உடனடி வழியாக அந்த மாற்றியை முடக்குமாறு அறிவுறுத்தினார்கள். இத்தனை பழைய மாற்றிகள் அடித்தளத்தில் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் ஏற்கெனவே அரிதான மாற்றிகளைத் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டது. டிஎஸ்சிஐஐயும் அதோடு வெளியே போயிற்று. வேண்டியவர் கேட்டு நிறுவிக்கொள்ளலாம். இது சரியான தீர்வு என்பது என் கருத்து. ஒரு வங்கியின் சேவையகம் தமிழின் பழைய குறிமுறையைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் டிஎஸ்சிஐஐயில் எழுதப்பட்ட கட்டுரைகளையும் கதைகளையும் மாற்ற நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். வாசல் திறந்திருக்கும்போதே பொருளை எடுத்துவிட வேண்டும். பாமினிக்கோ கிலிப்சியில் ஒரு நாளும் இடம் இருந்ததில்லை. இலங்கையின் பத்திரிகைகளும் அச்சகங்களும் பல்லாண்டு காலம் எழுதியது பெரும்பாலும் பாமினியில்தான். அதற்கான மாற்றிகள் என்னுடையதைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தமிழுக்குப் புதிதாக வருவதும் வராது. முந்திரி, காணி, மா முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள் 2019இல் யூனிக்கோடில் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. எழுத்தொன்றுக்குப் 16 பிட் மட்டும் ஒதுக்கிய பழைய நிரலகங்களால் அவற்றைத் தாங்க முடியாது. நம் தாத்தாமார் தோம்பில் எழுதிய கணக்கை இன்றைய கணினியில் எழுத வேண்டுமானால் பழைய நிரலகம் விலக வேண்டும்.

விசைப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் தமிழ்த் தரமான எஸ்எல்எஸ் 1326 சார்ந்த ரெங்கநாதன் விசைப்பலகை, எம்17என் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதன் பெயரிலேயே இலங்கையின் நாட்டுக் குறி இருக்கிறது. முன்பு ஸ்கிம் என்ற உள்ளீட்டு முறையின்மேல் ஓடியது. ஸ்கிம் ஒதுங்கிய பின் ஐபஸ்மேல் ஓடுகிறது. இப்போது திரைமுறையே எக்ஸிலிருந்து வேலண்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டார் தங்கள் தமிழ்99 விசைப்பலகையைச் சோதிப்பார்கள். ரெங்கநாதனை யார் சோதிப்பார்கள்? உலகில் வேறெந்த நாட்டவரும் அதைச் சோதிக்கப்போவதில்லை.

இந்த நாட்டுக்கு இந்த ஆற்றல் இல்லாமலில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்த சில நாட்களில் இங்குள்ள தொண்டர்கள் சஹானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் அதை வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. முதலில் பிஎச்பியில் எழுதியதைப் பிற்காலத்தில் பைத்தனில் புதிதாகக் கட்டினார்கள். பழையதை விட்டு நகரத் தெரிந்ததால் அது நிலைத்தது. அதே 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எரிந்ததற்கு ஈடு செய்ய முடியாவிட்டாலும் எஞ்சியதைக் காப்போம் என்று ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவருகிறது. அது நிற்பதும் மீடியாவிக்கி, பிஎச்பி என்ற மென்பொருள் தளங்களின்மேல்தான். அவையும் பதிப்பு மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் புதிய செயலி ஒன்றை உருவாக்கி, புள்ளி பெற்று, மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, கைவிடப்பட்ட தமிழ்ச் செய்நிரல் ஒன்றைப் பழைய நிரலகத்திலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுப்பதையும் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது சிறு வேலையல்ல. பிறர் எழுதியதை வாசித்து, பிழை கண்டு, பிறரோடு மடல் எழுதிப் பேசி முடிக்கும் வேலை. தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அச்சகம், பத்திரிகை, பதிப்பகம் நடத்துகிறவர்களிடம் இன்னொன்று: உங்களிடம் இருக்கும் மாற்றிகளையும் பழைய எழுத்துருக்களின் குறிப்பட்டியல்களையும் வெளியே கொடுங்கள். யார் எழுதியது, எப்படி எழுதியது என்று கூச்சப்பட வேண்டாம். என்னுடையதை, கௌரிப் பிழையோடு இருந்த பழைய வடிவத்தையும் சேர்த்து, இன்று இந்தக் கருத்தரங்குக்கு ஒப்படைக்கிறேன்.

வாசலில் இடது கைப்பக்கச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். டெபியனில் தமிழோடு தொடர்புள்ள பொதிகள்: எழுத்துருக்கள், சொற்பட்டியல்கள், விசைப்பலகைகள், மாற்றிகள். ஒவ்வொன்றுக்கும் நேரே அது எந்த நிரலகத்தைச் சார்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது நெடுவரிசை வெறுமையாக இருக்கிறது. அது பெயருக்கான இடம். தேநீர் இடைவேளைக்குப் போகும்போது ஆளுக்கொரு பொதிக்கு நேரே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அதன்மேல் அடுத்த அகற்றும் அறிவித்தல் வரும் நாளில், அந்த இரண்டு வரிப் பதிலை எழுத வேண்டியவர் நீங்கள்.